பெட்டி வந்தபோது எங்கள் ஊர் கேட்ட கேள்விகள்

2017 கடைசியில் கேபிள் டிவியை டிஜிட்டலுக்கு மாற்றுவதற்காக எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு செட்டாப் பாக்ஸ் வந்தபோது அதை வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். கேபிள்காரர் வீடு வீடாக வந்து, "இனிமே இந்தப் பெட்டி இல்லாம படம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் தெரு முழுக்க அதே பேச்சு. எதற்கு இது, யார் கேட்டார்கள், இப்போது வருகிற படத்துக்கு என்ன குறை?

அந்தச் சந்தேகத்தைப் பற்றிப் பிறகு பேசியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கிராமத்து ஆட்களுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை, புதுசு என்றாலே பயம், எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சொட்டுநீர்க் குழாய் வந்தபோது அதைத் தோட்டத்தில் இழுத்துப் போட்டவர்கள் இவர்கள். செல்போன் வந்ததும் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டு வண்டி ஏற்றக் கற்றுக்கொண்டவர்கள். புதுசு என்பதற்காக அவர்கள் எதையும் தள்ளியதில்லை. இதனால் யாருக்கு லாபம், மாசம் எவ்வளவு ஆகும், கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார் என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் நேரான பதில் கிடைக்கவில்லை. அதனால் நம்பவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் பெரியப்பா முறை ஒருவர் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. "படம் பளிச்சுனு தெரியும்ங்கறியே தம்பி, என் டிவியே பதினாலு இன்ச்சு. இதுல இன்னும் என்ன தெரியணும்?" அவர் வீட்டில் இருந்தது 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பத்தைப் படித்த ஒருவரிடம் கேட்டாலும் பெரியப்பா சொன்னதையேதான் சொல்வார். சாதாரண டிஜிட்டல் படத்தை அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்த் திரையில் போட்டால், பெட்டி இல்லாமல் வந்த பழைய முறையின், அதாவது அனலாக்கின், நல்ல படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விளம்பரத்தில் காட்டிய பளிச்சென்ற படம் பெரிய தட்டை டிவி வைத்திருக்கிறவர்களுக்கானது.

பெட்டியை மாட்டுவதும் லேசாக இல்லை. டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகளில் ஒயரைச் சொருகி, டிவியைப் பெட்டியின் படத்தைக் காட்டும் ஏவி மோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு டிவியின் ரிமோட் வேண்டும். பல வீடுகளில் அந்த ரிமோட் எப்போதோ உடைந்து காணாமல் போயிருந்தது. எட்டாம் நம்பரில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று மனப்பாடமாக வைத்திருந்த கிழவிகள் மூன்று இலக்க நம்பர்களோடு திண்டாடினார்கள். என்னிடம் கூப்பிட்டுக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதான பெண்கள். மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பான். "கண்ணு, சிக்னல் இல்லைனு வருது, வந்து பாரேன்" என்பார்கள். கேபிள் சிக்னலில் குறை இருக்காது. கை பட்டு ஏவி மாறிப்போயிருக்கும்.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தை மத்திய அரசு 2011இல் திருத்தியது. நான்கு கட்டமாக அனலாக்கை நிறுத்துவது திட்டம். முதலில் நான்கு பெருநகரங்கள், 2012 அக்டோபர் 31. அடுத்தது கோயம்புத்தூர் உள்ளிட்ட 38 நகரங்கள், 2013 மார்ச் 31. மூன்றாவது கட்டத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மாதிரியான நகரங்கள். எங்களைப் போன்ற கிராமங்கள் கடைசிக் கட்டம். 2014 என்று சொன்ன தேதி 2016 ஆனது, பிறகு 2017 மார்ச் என்று தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மாநில அரசின் அரசு கேபிள் டிவி நிறுவனம் டிஜிட்டல் உரிமத்துக்கு 2012இல் விண்ணப்பித்தது, கிடைத்தது 2017 ஏப்ரலில். ஒரு மாநில அரசு கேபிள் தொழிலில் இருக்கலாமா என்ற கேள்வியில் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. தேதி மாறிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? 'இதுவும் தள்ளிப்போகும்' என்றுதான் நினைப்பார்கள். அதோடு, 2003இல் சென்னையில் இதே மாதிரி பெட்டி வைக்கச் சொன்ன திட்டம் பெரிதாக எடுபடாமல் போனது ஊருக்குள் சிலருக்கு ஞாபகம் இருந்தது.

சரி, எதற்காக மாற்றினார்கள்? படத்துக்காக என்று சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஒரு அனலாக் சேனல் பிடிக்கிற இடத்தில் டிஜிட்டலாகச் சுருக்கிப் பத்துக்கும் மேல் அனுப்பலாம். கம்பியின் கடைக்கோடி வீட்டுக்கும் தலைமாட்டு வீட்டுக்கும் ஒரே படம் போகும். ஆனால் சட்டத்தைத் திருத்த வைத்த முக்கியமான காரணம் எண்ணிக்கை. அனலாக்கில் ஒயர் வீட்டுக்குள் வந்துவிட்டால் படம் தெரியும். எத்தனை வீடு பார்க்கிறது என்பது மேலே இருக்கிற யாருக்கும் தெரியாது. ஆபரேட்டர் சொல்வதுதான் கணக்கு, நாடு முழுக்க அவர்கள் குறைத்துச் சொன்னார்கள். சேனல்களுக்கு வர வேண்டிய பணமும் அரசுக்கு வர வேண்டிய வரியும் நடுவில் நின்றன. பெட்டி வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண். யாருக்கு எந்தச் சேனல் திறக்க வேண்டும், யாருக்கு மூட வேண்டும் என்பதைச் சென்னையில் உட்கார்ந்தே செய்யலாம்.

இது நியாயமான நோக்கம்தான். திருட்டுக் கணக்கை நான் தாங்கிப் பேசவில்லை. ஆனால் அந்த நோக்கத்தை ஜனங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 'எண்ணிக்கை சரியாக வர வேண்டும், அதற்கு உங்கள் வீட்டில் ஒரு பெட்டி வைக்கிறோம், அதற்கான செலவில் உங்கள் பங்கு இவ்வளவு' என்று சொன்னால் எங்கள் ஊருக்குப் புரியாதா? படம் பளிச்சென்று தெரியும் என்பதை மட்டும் முன்னால் வைத்தார்கள். பதினாலு இன்ச்சு டிவிக்காரர் அதைக் கேட்டதும், இவர்கள் சொல்லாமல் விட்டது வேறு என்னவோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார். அவர் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்தது.

எண்ணிக்கை ஒழுங்கானதால் எங்கள் ஜனங்கள் இழந்தது என்ன என்று யோசித்தால், முதலில் தவணை சொல்கிற வசதி. மலிவு என்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். எங்கள் ஊரில் வருமானம் மாசச் சம்பளமாக வருவதில்லை. தக்காளி விலை விழுந்த மாசம் கேபிள்காரர் வந்தால், "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்ணா" என்பார்கள். அவரும் சரி என்பார். அவருக்கும் நாலு ஏக்கர் இருக்கிறது, அவருக்கும் மண்டி விலை தெரியும். சாவு விழுந்த வீட்டில் அந்த மாசம் கேட்கவே மாட்டார். சிலர் அறுவடை முடிந்ததும் மொத்தமாகக் கொடுப்பார்கள். பெட்டி வந்த பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் மேலே முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தேதி முடிந்ததும் படம் தானாக நிற்கும். "என் கையில ஒண்ணும் இல்லம்மா, அங்கயே கட் ஆவுது" என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இருபது வருஷமாகத் தெருவுக்குத் தெரிந்த மனிதர், ரீசார்ஜ் போடுகிற ஆளாக ஆகிவிட்டார்.

விலைக்கு வருவோம். அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மறுபடி தொடங்கியபோது மாசம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி ஆபரேட்டருக்கு. டிஜிட்டலுக்குப் பிறகு, 2019 பிப்ரவரியில் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது நூறு சேனல் வரைக்கும் அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19 ரூபாய். "நீங்கள் பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும், கட்டணம் குறையும்" என்றார்கள். 70 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அரசு கேபிளின் மாதக் கட்டணமே ஒரு கட்டத்தில் வரி இல்லாமல் 220 ரூபாய் வரை போய், 2019 ஆகஸ்டில் 130 ஆகக் குறைக்கப்பட்டது. அரசே குறைக்க வேண்டி வந்தது என்றால், விலை ஏறிவிட்டது என்று ஜனங்கள் புலம்பியதில் உண்மை இருந்தது என்றுதானே அர்த்தம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கட்டண முறை இன்னொரு விதத்தில் கடித்தது. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் நண்பன் வீடு வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு. பள்ளிக்கூடம் தமிழில். அவன் அப்பா வியாபாரத்துக்குப் போவது குப்பத்துக்கும் பெங்களூருக்கும், அதனால் கன்னடமும் சரளம். அவன் அவ்வா, அதாவது பாட்டி, மத்தியானம் தெலுங்கு சீரியல் பார்ப்பார், அம்மா ராத்திரி தமிழ் சீரியல், அப்பாவுக்குக் கன்னடச் செய்தி. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று எடுத்தால் இப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அனலாக் காலத்தில் அந்த ஊர் கேபிள்காரர் மூன்று மொழிச் சேனலையும் ஒரே கம்பியில் விட்டிருந்தார். அவர் தெருவை அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்த மொழி என்று எழுதி வைத்துக்கொண்டா செய்தார்? அதே தெருவில் பிறந்தவர், அவ்வளவுதான்.

பெட்டி வந்ததும் தமிழ் பேக், தெலுங்கு பேக், கன்னட பேக் என்று பிரிந்தது. மாநிலத் தலைநகரில் உட்கார்ந்து பேக் போடுகிறவர் தமிழ்நாட்டு வீட்டுக்குத் தமிழ் என்று நினைப்பது இயல்பு. எல்லையில் இருக்கிற ஒரு வீட்டுக்கு ஒரே கூரையின் கீழ் மூன்று மொழி வேண்டும் என்பது அவர் கண்ணுக்குப் படாது. மூன்றும் வேண்டும் என்றால் மூன்று மடங்கு யோசிக்க வேண்டும். நண்பன் வீட்டில் கடைசியில் அவ்வாவின் சேனல்கள்தான் போயின. சம்பாதிக்கிறவர்கள் கேட்டது தங்கியது, அவ்வா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். டிஜிட்டல் என்றால் நிறைய சேனல் வரும் என்பது கணக்குப்படி உண்மை. அந்த வீட்டில் அவ்வாவுக்குக் குறைந்தது.

லோக்கல் சேனலும் அப்படித்தான். பழைய கேபிளில் ஆபரேட்டரே ஒரு சேனல் வைத்திருப்பார். திருவிழா, பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா, இரங்கல் செய்தி எல்லாம் அதில் ஓடும். அதில் உரிமம் இல்லாத புதுப் படங்களும் ஓடின. அது தப்பு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் கரகம் எடுத்து வருவதைப் படுத்த படுக்கையாக இருந்த கிழவர்கள் பார்த்தது அந்தச் சேனலில்தான். டிஜிட்டலில் சிக்னல் மேலேயே பூட்டப்பட்டு வருகிறது. அதற்கு நடுவில் சின்ன ஊர் ஆபரேட்டர் தன் டிவிடி பிளேயரைச் சொருகிவிட முடியாது. மேலே இருக்கிற நிறுவனத்திடம் இடம் வாங்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பெரிய ஊர்களில் சில லோக்கல் சேனல்கள் அப்படித் தப்பித்தன. எங்கள் ஊரில் தப்பவில்லை. இப்போது பண்டிகை யூடியூபில் போகிறது. போன் வைத்திருக்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தை அனுபவித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பழைய சிக்னல் பலவீனமானால் படம் மங்கும், புள்ளி புள்ளியாகும், சத்தம் இரையும். ஆனாலும் பார்க்கலாம். செய்தியில் யார் பேசுகிறார் என்று தெரியும். டிஜிட்டலில் ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போகும். பழுதான டியூப்லைட் மினுக்கி மினுக்கியாவது எரியும், புது பல்பு போனால் போனதுதான், அந்த மாதிரி. மழைக்காலத்தில் கம்பத்து ஒயரில் தண்ணீர் இறங்கும் ஊரில் இதுதான் பெரிய குறை. முன்னே கேபிள்காரர் கம்பத்தில் ஏறி ஜாயின்ட்டைச் சுரண்டிக் கட்டினால் சரியாகும். பெட்டியே போனால் அவராலும் திறக்க முடியாது. மாற்றுப் பெட்டி மாவட்டத் தலைநகரில் இருந்து வர வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டி ஒருமுறை செத்தபோது மாற்றுப் பெட்டி வருவதற்குள் ஒரு பண்டிகையே முடிந்துவிட்டது.

வெளிநாடுகளில் இது எப்படி நடந்தது என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. சந்தேகம் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. அங்கே மாறியது கம்பியில் வருவது இல்லை, வானலையில் ஆண்டெனாவுக்கு வருவது. காலியாகும் அலைவரிசையைச் செல்போன் சேவைக்கு விற்கலாம் என்பது அரசுகளின் கணக்கு. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 17 என்று தேதி வைத்தார்கள். பழைய டிவிக்குப் பெட்டி வாங்க ஒவ்வொரு வீட்டுக்கும் 40 டாலர் கூப்பன் இரண்டு கொடுத்தார்கள். கூப்பனுக்கு ஒதுக்கிய பணம் ஜனவரியிலேயே தீர்ந்து, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் சட்டம் போட்டுத் தேதியை ஜூன் 12க்குத் தள்ளினார்கள். ஜப்பானில் 2011 ஜூலை 24 அனலாக்கின் கடைசி நாள். ஆனால் அந்த மார்ச்சில் சுனாமி அடித்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை விட்டுவைத்தார்கள். பிரிட்டனில் 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் தனி உதவித் திட்டம் இருந்தது. ஆள் வீட்டுக்கே வந்து பெட்டியை மாட்டி, ரிமோட்டை எப்படி அமுக்குவது என்று காட்டிவிட்டுப் போவார்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஏவி மோடு மாறிப்போய் இரண்டு நாள் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவிகளுக்கு இங்கே யார் வந்தார்கள்? பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள், நல்லது. அதை மாட்டவும் சொல்லிக்கொடுக்கவும் ஒரு ஊருக்கு ஒரு ஆளை ஒரு வாரம் விட்டிருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

நல்லது நடந்த இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் கேபிள் போனதே இல்லை. மலையின் மறைவில் தூர்தர்ஷனும் சரியாகப் பிடிக்காது. அங்கே டிஷ் வந்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. ஓட்டு வீட்டுக்கு மேலே தட்டை மாட்டினதும் கீழே தர்மபுரி நகரத்தில் தெரிகிற அதே படம். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச டிஷ் சேவைக்கு மாசக் கட்டணமே கிடையாது. தட்டும் பெட்டியும் வாங்குகிற செலவு மட்டும். அந்த மலை ஜனங்களுக்கு டிஜிட்டல் முழுக்க முழுக்க நல்லதுதான் செய்தது. இல்லாததைக் கொண்டுவந்து கொடுத்தது, இருந்ததை எடுக்கவில்லை.

எடுத்ததில் யாருமே கவனிக்காமல் போனது ஒன்று உண்டு. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள். 1980களில் ஊர் ஊராக நிறுவப்பட்டவை. பெட்டி, ரீசார்ஜ் எதுவும் இல்லாமல் வீட்டு மேலே ஒரு ஆண்டெனா இருந்தால் படம் வந்த காலம் அது. எல்லைக்கு முக்கியமான ஐம்பது சொச்சம் இடங்களைத் தவிர மற்றதை 2022 மார்ச்சோடு நிறுத்தினார்கள். எதிர்ப்பு இல்லை, ஏனென்றால் பார்க்கிறவர்களே இல்லை. இலவச டிஷ்ஷுக்கு மாறுங்கள் என்றார்கள். அதில் டிடி தமிழ் வரும். எங்கள் ஜனங்கள் தினம் பார்க்கிற பெரிய தமிழ்ச் சேனல்கள் வராது. ஆக, காசில்லாதவருக்கு ஒரு தொலைக்காட்சி என்பது தமிழ் வீட்டுக்குப் பெயரளவுக்குத்தான் மிஞ்சியது.

2022 நவம்பரில் மாநிலம் முழுக்க அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் சில நாள் வேலை செய்யாமல் நின்றன. மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறு காரணம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு கம்பம் சாயவில்லை, ஒரு ஒயர் அறுபடவில்லை, எங்கோ ஒரு சர்வரில் நடந்த ஒன்றால் அத்தனை வீட்டிலும் படம் நின்றது. 2017இல் எங்கள் தெருவில் ஒருவர், "மொத்தச் சாவியும் ஒரே ஆள் கையில போவுதே, அவன் பூட்டிட்டா?" என்று கேட்டிருந்தார். அப்போது கேபிள்காரர், "அப்படியெல்லாம் பூட்ட மாட்டாங்கண்ணா" என்று சமாதானம் சொன்னார்.

இப்போது அடுத்த மாற்றத்தின் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே செல்போனுக்கு நேராகத் தொலைக்காட்சியை அனுப்பும் முறையை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் கான்பூர் ஐஐடியும் சேர்ந்து டெல்லியிலும் பெங்களூரிலும் சோதித்தார்கள். ஓசூரில் இருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில்தான் அந்தச் சோதனை. ஊரில் இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா முதலில் கேட்டது, "இப்ப இருக்கிற போன்ல வருமா?" வராது. போனுக்குள் அதற்கென்று தனி சிப் வேண்டும், நம் கையில் இருக்கிற போன்களில் அது இல்லை. இதைத்தான் முதல் நாளே, முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். என்ன விலை, எந்தத் தேதி, பழசு எதுவரை ஓடும், கெட்டால் யாரைக் கூப்பிடுவது, தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வருமா என்று எழுதி, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். அதைப் படித்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் ஊர் முடிவு செய்துகொள்ளும்.